ஐந்தாம் எண் வரைபடம்

ஹேவோன் நகரக் காவல் நிலையம், பொருளாதாரக் குற்றப் பிரிவு. நவம்பர் மாதம் பதினான்காம் தேதி, காலை பத்து இருபது மணி. தானாக முன்வந்து ஆஜரானவரின் வாக்குமூலம். எழுதிக்கொண்டவர்: உதவி ஆய்வாளர் தாக் சங்-ஹோ.

என் பெயர் மேங் ஜோங்-ரே. வயது ஐம்பத்தொன்பது. தகப்பனார் காலஞ்சென்ற மேங் தோக்-சு. ஹேவோன் நகரம், கீழ்ச் சந்தைத் தெரு, இரண்டாம் அடுக்ககம், நான்காம் தளம், 407ஆம் எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. தாயார் ஆறு வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். தொழில் கட்டட வடிவமைப்பு. என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. இன்று என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே பேருந்தில் வந்தேன்.

நான் படிப்பு முடிந்து சியோல் நகரத்தில் ஒரு பெரிய வடிவமைப்பு நிறுவனத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே பள்ளிக்கூடங்கள் நிறைய வரைந்தார்கள். எனக்குக் கொடுக்கப்பட்டது எப்போதும் கழிப்பறைகளும் படிக்கட்டுகளும். அதன் பிறகு தாயாரின் உடல்நிலை காரணமாக ஹேவோனுக்குத் திரும்பி, பல் மருத்துவமனை ஒன்றுக்கு மேலே மூன்றாம் தளத்தில் தனி அலுவலகம் வைத்தேன். மாட்டுக் கொட்டகை, மிளகாய் உலர்த்தும் கிடங்கு, வீட்டு நீட்டிப்பு ஆகியவற்றுக்கு அனுமதி வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஊழியர் யாரும் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் இங்குள்ள தொழிற்கல்லூரியில் பாடம் நடத்தினேன். மாணவர் சேராததால் அந்தக் கல்லூரி மூடப்பட்டுவிட்டது. அங்கே கற்பித்தவள் என்ற முறையில், கல்வி அலுவலகம் நடத்தும் வடிவமைப்புப் போட்டிகளுக்கான நடுவர் பட்டியலில் என் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டியலில் மாகாணம் முழுவதும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. போட்டி வரும்போது குலுக்கல் முறையில் ஏழு பேரை எடுப்பார்கள்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதத்தில், சோல் மி-ரான் என்ற பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மாகாணத் தலைநகரில் உள்ள ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் தொடர்பு அதிகாரியாக இருப்பதாகச் சொல்லி முகவரி அட்டை கொடுத்தார். நிறுவனத்தின் பெயர் இணைப்பில் உள்ளது. தான் யார் என்பதை அவர் என்னிடம் ஒருபோதும் மறைக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வந்த அன்று வேலை விஷயம் எதையும் அவர் பேசவில்லை. என் மேசை மேல் இருந்த பொட்டலச் சோற்றைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிர்ல இதையா சாப்பிடுறீங்க? எழுந்திருங்க அக்கா, கீழ சூடா நூடுல்ஸ் கடை இருக்கு. தனியா சாப்பிட்டா எனக்கும் இறங்காது," என்றார். என்னை அக்கா என்று அழைக்கும் ஆள் அதுவரை யாரும் இருந்ததில்லை. நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.

அதன் பின்னர் அவர் மாதத்துக்கு இரண்டு முறை, சில மாதங்களில் நான்கு முறை வந்தார். சேர்ந்து சோயாப்பால் நூடுல்ஸ் சாப்பிடுவோம், ஊருக்குப் பின்னால் உள்ள குன்றில் ஏறுவோம். என் அடுப்பின் பற்றவைப்பான் கெட்டுப் போனபோது புதிதாக மாற்றிக் கொடுத்தார். தன் தாயார் ஊறவைத்தது என்று சொல்லிப் பச்சை மூடி போட்ட டப்பாவில் முள்ளங்கிக் கிம்ச்சி கொண்டு வருவார். சென்ற ஆண்டு அக்டோபரில் எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. உறவினர் கையெழுத்து வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, வெளியூரில் இருப்பதாகச் சொன்னேன். மி-ரானுக்கு நான் தகவல் சொல்லவில்லை. என் தொலைபேசி அணைந்திருப்பதைக் கண்டு அவராகவே விசாரித்து வந்து, தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று நாள் என் கட்டில் பக்கத்து மடக்குப் படுக்கையில் இருந்தார். மயக்கம் தெளிந்ததும் அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை "ஏன் வந்தே?" என்பதுதான். "தலை சீவி விடலாம்னு வந்தேன், பாருங்க எப்படி இருக்குன்னு," என்றார்.

இந்தக் காலத்தில் ஹேவோனில் இருந்த ஆண்கள் உயர்நிலைப் பள்ளியின் சுவர்களில் விரிசல் கண்டு அதை மூடினார்கள். பெண்கள் பள்ளியையும் அதனுடன் சேர்த்து ஒரே அரசு உயர்நிலைப் பள்ளி புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெண்கள் பள்ளி மைதானத்தில் வைத்த தற்காலிகப் பெட்டி வகுப்பறைகளில் படித்து வருகிறார்கள். இது இரண்டாவது குளிர்காலம். வகுப்புக்குள்ளேயே அவர்கள் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு உட்காருவதை என் அலுவலகச் சன்னலில் இருந்து பார்க்கலாம்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள் நூடுல்ஸ் கடையில், பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று மி-ரான் என்னைக் கேட்டார். அதுவரை வேறு யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. நான் உயர்நிலைப் பள்ளியில் படித்த மூன்று வருடமும் மதியச் சாப்பாட்டைக் கொதிகலன் அறையில் நின்றபடி சாப்பிட்டவள். சேர்ந்து சாப்பிட ஆள் இல்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிவதுதான் அந்த வயதில் பெரிய வெட்கம். இதை நான் அவரிடம் சொன்னேன். பிறகு, தாழ்வாரத்தின் தெற்குச் சுவரை அகலமாக்கி, சன்னலோடு சேர்த்து ஒரே ஒருவர் காலை நீட்டி உட்காரும்படியான மாடங்கள் வைக்க வேண்டும் என்றேன். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம் தாழ்வாரத்தில் போகிறவர்களுக்குத் தெரியக் கூடாது, ஆனால் கீழே ஒரு முழ உயரத்துக்குத் திறப்பு விட்டால் கால்கள் தெரியும், ஒரு பிள்ளை அங்கே இருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்லி, சாப்பாட்டுத் தட்டின் கீழே விரித்திருந்த காகிதத்தில் வரைந்து காட்டினேன். மி-ரான் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நான் எதற்கு என்று கேட்கவில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் போட்டி அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் மூன்றாம் தேதி குலுக்கலில் எடுக்கப்பட்ட ஏழு பெயர்களில் என் பெயரும் இருந்தது. அன்றிலிருந்து போட்டியில் கலந்துகொள்ளும் எவருடனும் பேசவோ சந்திக்கவோ மாட்டேன், அப்படி யாராவது அணுகினால் உடனே கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிப்பேன், முன்பே நெருக்கம் இருந்தால் விலகிக்கொள்வேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். பத்திரத்தை முழுதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். மி-ரானின் நிறுவனம் போட்டியில் சேரும் என்பதும் எனக்குத் தெரியும். விலகினால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் அவர் என்னைப் பார்க்க வருவதற்கு வழியில்லாமல் போகும் என்று நினைத்தேன்.

பெயர்கள் வெளிவந்த நாளிலிருந்து மி-ரானிடமிருந்து அழைப்போ செய்தியோ இல்லை. தேர்வு நாளுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு வீட்டு மணி அடித்தது. அவர் முகக்கவசம் போட்டு, கையில் சூடான கடல்நத்தைக் கஞ்சிப் பாத்திரத்துடன் நின்றார். "உள்ள வரமாட்டேன் அக்கா. வந்தா தப்பாயிடும்," என்றார். நான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். அவர் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினார். கதவு மூடும்போது, "நாளைக்கு நிறைய சன்னல் பார்ப்பீங்க," என்றார். இதை நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை. கஞ்சியை நின்றபடியே குடித்தேன்.

மறுநாள் செப்டம்பர் பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கல்வி அலுவலகத்தின் பெரிய அறையில் தேர்வு தொடங்கியது. எங்கள் தொலைபேசிகளை உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆறு வரைபடத் தொகுதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. எதிலும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மூன்றாம் எண் வரைபடத்தின் முன் வந்தபோது, இரண்டாம் தளத் தாழ்வாரத்தில் தெற்குப் பக்கமாக வரிசையாக மாடங்கள் இருந்ததைக் கண்டேன். எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு. கீழே ஒரு முழத் திறப்பும் இருந்தது. ஒரு மாடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் பிள்ளையையும் வரைந்திருந்தார்கள். அது எந்த நிறுவனத்தின் வரைபடம் என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். முப்பது வருடத்தில் நான் நினைத்த ஒன்றை வேறு ஒருவர் கை சுத்தமாக வரைந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

அதன் பின்னர் ஐந்தாம் எண் வரைபடத்தைப் பார்த்தேன். பள்ளிக்கான நிலம் ஒரு சரிவு. மற்ற ஐந்து பேரும் சரிவை வெட்டிச் சமமாக்கியிருந்தார்கள். ஐந்தாம் எண் மட்டும் சரிவை அப்படியே விட்டு, கட்டடத்தின் ஒவ்வொரு தளத்தையும் ஏதாவது ஒரு இடத்தில் தரையோடு சேர்த்திருந்தது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை மின்தூக்கி இல்லாமலே எந்தத் தளத்துக்கும் மற்றவர்கள் நுழையும் அதே கதவு வழியாக நுழையலாம். அங்கே இருந்த கின்கோ மரங்களில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. அது மூன்றாம் எண்ணை விட நல்ல வரைபடம் என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. இதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்கிறேன்.

மதியத்துக்குப் பிறகு விவாதம் நடந்தது. மூன்று பேர் மூன்றாம் எண்ணையும் மூன்று பேர் ஐந்தாம் எண்ணையும் ஆதரித்தார்கள். பேசாமல் இருந்தது நான் மட்டும். என் கருத்தைத் தலைவர் கேட்டார். ஐந்தாம் எண்ணில் சமையலறைக்குச் சரக்கு வண்டி வரும் வழி, பிள்ளைகள் நடக்கும் வழியைக் குறுக்கே கடந்தது. ஒரு மதில் கதவை முப்பதடி தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும் குறை அது. அதை எடுத்துக்கொண்டு, விபத்து நடக்கும் என்றும், இப்படி யோசிப்பவர்களை நம்பிப் பிள்ளைகளை விட முடியாது என்றும் நான் வெகுநேரம் பேசினேன். பிறகு ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் மூன்றாம் எண் தேர்வானது. முதலில் ஐந்தாம் எண்ணை ஆதரித்து, என் பேச்சுக்குப் பிறகு மாறிய இளைய நடுவர் ஒருவர் வெளியே வரும்போது என்னிடம், "நீங்க சொன்னதுக்கப்புறம்தான் மேடம் அந்த வண்டி விஷயமே எனக்குப் புரிஞ்சுது. எவ்வளவு கூர்மையாப் பார்க்கிறீங்க," என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

அன்று மாலை பெயர்கள் வெளியிடப்பட்டன. மூன்றாம் எண் மி-ரானின் நிறுவனம். ஐந்தாம் எண், ஹேவோனிலேயே பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் இரண்டே பேராக அலுவலகம் நடத்தும் ஓக் சே-ரின் என்ற பெண்ணும் அவர் கணவரும்.

நான் மி-ரானின் அழைப்புக்காகக் காத்திருந்தேன். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி வாசல் பக்கத்தில் வைத்திருந்தேன். முதல் வாரம் அவர், "வேலை நெரிக்குது அக்கா, அப்புறம் வர்றேன்," என்று செய்தி அனுப்பினார். இரண்டாம் வாரம் நான் அனுப்பிய மூன்று செய்திகளுக்கு ஒரு சிரிக்கும் பொம்மை வந்தது. அதன் பின்னர் எதுவும் வரவில்லை. அறுவடைத் திருநாளில் இரண்டு பேருக்கு ஆகும் அளவுக்கு மாவு பிசைந்து பண்டம் செய்து, நான்கு நாள் அதையே சாப்பிட்டேன்.

அக்டோபர் இருபத்தாறாம் தேதி, எங்கள் தொழில் சங்கத்தின் முன்னாள் செயலாளர் இறந்ததற்கு அஞ்சலி செலுத்த நகர மருத்துவமனையின் துக்க மண்டபத்துக்கு மதியம் போனேன். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே ஓய்வுபெற்ற பேராசிரியர் கீ உன்-தேக் உட்கார்ந்தார். வயது எழுபத்தொன்று. மனைவியை இழந்தவர். அவரும் நடுவர் பட்டியலில் உள்ளவர். சூப்பைக் கலக்கியபடி அவர், "மி-ரான் வரலையா? ரெண்டு வருஷமா எனக்கு மக மாதிரி அவ," என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கண் ஆபரேஷனுக்கு அவதான் கூட வந்தா. சொட்டு மருந்து விடறதுக்கு நேரம் வச்சுப் போன் பண்ணுவா. முள்ளங்கிக் கிம்ச்சி கொண்டு வருவா, அவங்க அம்மா கைப்பக்குவம்."

"பச்சை மூடி போட்ட டப்பாவா சார்?"

அவர் சூப்பிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, உனக்குமா? அந்தம்மா மொத்த மாகாணத்துக்கும் கிம்ச்சி போடறாங்க போல."

போன வருடம் நூலகக் கட்டடப் போட்டியில் தானும் அவர் நிறுவனத்துக்கே வாக்களித்ததாகவும், அதன் பிறகு ஐந்து மாதம் அவர் வரவில்லை என்றும், பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் மறுபடி வந்தார் என்றும் கீ சொன்னார். கோபம் வரவில்லையா என்று நான் கேட்டேன்.

"எதுக்கும்மா கோபம்? எதுக்கு வர்றான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கதவைத் திறக்கிறேன். எனக்கு ஒரு மகன் இருக்கான், அவன் எதுக்கும் வர்றதில்ல."

அவர் என் கிண்ணத்தில் ஒரு துண்டு மீன் வடையை எடுத்து வைத்தார். நான் அதைச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் சில வருடத்தில் நானும் அவரைப் போலப் பேசுவேன் என்று பயமாக இருந்தது.

மறுநாளே மாகாணத் தலைநகருக்குப் போய், அந்த நிறுவனத்துக்கு எதிரில் உள்ள ரொட்டிக் கடையில் காத்திருந்து மி-ரானைப் பார்த்தேன். அவர் என்னைக் கண்டதும் முதலில் தெருவைத்தான் பார்த்தார். பிறகு எதிரே உட்கார்ந்தார். நான் கீ சொன்னதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"அறுபத்தோரு பேர் அக்கா என் பங்குக்கு. யாருக்கு எப்ப மாத்திரை, யாருக்கு எப்ப திதி, யாருக்குக் காரம் ஆகாது, எல்லாம் மனப்பாடம். எங்கம்மா என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேளுங்க, தெரியாது. அந்தக் கிம்ச்சிகூட கடையில வாங்கறதுதான்."

"நான் வரைஞ்ச காகிதம்?"

"கொண்டுபோய்க் காட்டினேன். எங்க ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உங்களுக்கு அடையாளம் தெரியட்டும்னு மட்டும் வைக்கல அக்கா. நிஜமாவே நல்லா இருந்துச்சு."

நான் கேட்க வந்தது அது இல்லை. அதனால், "ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தியே, அதுவும் இந்த வேலைதானா?" என்று கேட்டேன்.

அவர் காகிதக் குவளையின் விளிம்பை மடித்துக்கொண்டே இருந்தார். "முதல் நாள் வேலை," என்றார். பிறகு, "மத்த ரெண்டு நாள் நான் லீவு போட்டேன்," என்றார்.

அது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி இந்த நிலையத்தை நான் கேட்கவும் இல்லை. புகார் செய்யப் போவதாக அப்போது நான் சொல்லவில்லை, எனக்கே அது முடிவாகியிருக்கவில்லை. அவர் என்னைப் பேருந்து நிலையம் வரை காரில் கொண்டுவந்து விட்டார். சன்னலோர இருக்கைக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சன்னலோரம்தான் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அதன் பின்னர் பதினாறு நாள் நான் எதுவும் செய்யவில்லை. நான் சொன்னால் தேர்வு ரத்தாகும், பள்ளி ஒரு வருடமாவது தள்ளிப்போகும், பிள்ளைகள் மூன்றாவது குளிர்காலத்தையும் பெட்டிகளில் கழிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் நான் பேசாமல் இருந்ததற்கு அது காரணம் இல்லை. தொலைபேசியைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் குளிக்கப் போனேன். அவர் அழைப்பார் என்று இருந்தேன்.

நேற்று, நவம்பர் பதின்மூன்றாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு, அரிசி ஆலைக்குப் பின்னால் உள்ள ஓக் சே-ரினின் அலுவலகத்துக்குப் போனேன். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நான் யார் என்பது அவருக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, ஏனென்றால் நான் பேசியது முழுதும் பெயருடனும் படத்துடனும் இணையத்தில் வெளிவந்திருந்தது. அவர் கணவர் வாற்கோதுமைத் தேநீர் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். அலுவலகத்தில் பாதிச் சாமான்கள் அட்டைப் பெட்டிகளில் கட்டப்பட்டிருந்தன. மாத இறுதியில் காலி செய்வதாகச் சொன்னார்கள். இந்தப் போட்டிக்காக ஏழு மாதம் வேறு வேலை எடுக்காமல் இருந்தார்களாம். நான் மேலே உள்ள எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

சே-ரின் முடிவுவரை குறுக்கிடவில்லை. பிறகு, "இதை ஏன் மேடம் எங்ககிட்ட சொல்றீங்க? எங்ககிட்ட சொன்னா உங்களுக்கு மட்டும்தான் லேசாகும். சொல்ல வேண்டிய இடம் வேற," என்றார்.

நாளை போகிறேன் என்றேன். அப்போதுதான் அது எனக்கு முடிவானது.

நான் எழுந்தபோது அவர், "ஒரு நிமிஷம். அந்தச் சரக்கு வண்டியை விடுங்க. எங்க வரைபடத்தை நிஜமா எப்படிப் பார்த்தீங்க, அதைச் சொல்லிட்டுப் போங்க," என்று கட்டிவைத்திருந்த சுருளை அவிழ்த்து மேசையில் விரித்தார். நான் மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு தளமும் தரையைத் தொடும் இடங்களை விரலால் காட்டி, மழைநீர் அங்கே எப்படி ஓடும் என்று யோசித்திருந்ததைச் சொன்னேன். மூன்றாம் தளத்தில் நூலகத்தை வடக்கே திருப்பியது ஏன் என்று புரிந்துகொண்டதைச் சொன்னேன். படிக்கட்டு ஒன்றில் மிதிபலகை இரண்டு விரல்கடை குறைவு, பதினோரு வருடம் படிக்கட்டு வரைந்தவளுக்கு அது கண்ணில் பட்டது என்றேன். அவர் கணவர் பென்சில் எடுத்து வந்து அதைத் திருத்தினார். "நான் சொன்னேன்ல, நீதான் கேக்கல," என்று சே-ரின் அவரைத் தோளில் இடித்தார். மூவரும் மேசை மேல் குனிந்து நின்றிருந்தோம். தேநீரை இரண்டு முறை சூடாக்கினார்கள். மணி நாலரை ஆகிவிட்டது எனக்குத் தெரியவில்லை. என் வாழ்நாளில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி இவ்வளவு நேரம் நான் யாருடனும் பேசியதில்லை.

மதில் கதவு முப்பதடி தள்ளினால் போதும் என்பதையும் சொன்னேன். அது அன்றே தெரியுமா என்று அவர் கணவர் கேட்டார். தெரியும் என்றேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சே-ரின் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "எங்க வரைபடத்தை இவ்வளவு புரிஞ்சுக்கிட்டவங்க நீங்க ஒருத்தர்தான் மேடம்," என்றார். "அதனாலதான் என்னால மன்னிக்க முடியல. இனிமே வராதீங்க." குனிந்து வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்தினார். நான் திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தேன். இன்று காலை இங்கே வந்தேன்.

உதவி ஆய்வாளர் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்: நான் பணமோ நகையோ பரிசுச் சீட்டோ வாங்கவில்லை. வாங்கியவை சாப்பாடு, துணை, பேச்சு. அவற்றுக்குப் படிவத்தில் மதிப்புப் போட வழியில்லை என்று ஆய்வாளர் சொல்கிறார். என்னால் மறுக்க முடியாத அளவுக்கு அவை இருந்தன என்று எழுதிக்கொள்ளட்டும். என் வாக்கை நான் தெரிந்தே தவறாகப் போட்டேன், இன்னொருவரின் வாக்கையும் திருப்பினேன். அந்த இளைய நடுவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. பேராசிரியர் கீ உன்-தேக் என்னிடம் சொன்னதைச் சொல்லிவிட்டேன், அவரை விசாரிக்க வரும்போது சீருடையில் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சோல் மி-ரான் செய்ததை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை அவரை நான் தொடர்புகொள்ளக் கூடாது என்று சொல்லப்பட்டது. புரிந்துகொண்டேன். அவர் என்னைத் தொடர்புகொண்டால் உடனே நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. தெரிவிப்பேன்.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்கப்பட்டது. தேர்வு ரத்தானாலும் ஆகாவிட்டாலும், ஐந்தாம் எண் வரைபடத்தை வரைந்தவர்களுக்கு நான் பேசியது பொய் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். அதற்கு முன்பு அது கிடைக்க வேண்டும்.

இதை எனக்கு ஒருமுறை படித்துக் காட்டினார்கள், பிறகு நானும் ஒருமுறை படித்தேன். சொன்னபடியே இருக்கிறது. யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் இணங்காமல், நினைவு தெளிவாக இருக்கும்போது சொன்னது. ஒவ்வொரு பக்கமும் மடியும் இடத்தில் என் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(ஒப்பம்) மேங் ஜோங்-ரே
மதியம் ஒன்று ஐம்பது மணி

என் முன் சொல்லப்பட்டு என்னால் எழுதப்பட்டது. வாக்குமூலம் கொடுத்தவருடன் யாரும் வரவில்லை. அழைத்துப் போகவும் யாரும் வரவில்லை.
தாக் சங்-ஹோ, உதவி ஆய்வாளர்